சாலையின் விளிம்பில் செல்வோர்

கடலோரச் சாலை ஏற்ற இறக்கம் அற்றது. ஆகவே மிதிவண்டிக்கு அதனினும் எளிய வழி வேறில்லை என்று கருதுவோர் பலர். பணிமாறுதலில் ஒடிசாவுக்கு வந்துசேர்ந்த நாங்கள் நால்வரும் அப்படித்தான் கருதியிருந்தோம். புரியிலிருந்து கோனார்க் செல்லும் கடற்கரைச் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியலில் புறப்பட்டு ஒன்றேகால் மணி நேரத்தில் கோனார்க்கை அடைந்தோம். எங்கள் கால்களின் வலிமையைப் பற்றி எங்களுக்கே வியப்பு. சூரியக் கோயிலின் கற்சக்கரங்களைப் பார்த்துவிட்டு, இளநீர் அருந்தி, பத்து மணிக்குத் திரும்பினோம். புரிக்கு வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. போகும்போது எங்களைச் சுமந்து சென்றது காற்று என்பது அப்போதுதான் விளங்கியது.

கோனார்க், புரிக்கு வடகிழக்கே உள்ளது. கோடையில் இக்கரையில் வீசும் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவது. வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். சமதளத்தில் மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டியதும், மிதிப்பவர் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான ஆற்றலோ எட்டு மடங்கு. மலைச்சாலையில் ஏறுபவருக்கு உச்சி என்று ஒன்று உண்டு. அதன்பின் இறக்கமும் உண்டு. எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. அதனால் இப்போதெல்லாம் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு வீடு திரும்புகிறோம். ஒருவர் பின் ஒருவராகச் சென்று, முன்னால் செல்பவரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறோம். பின்னால் வருபவருக்கு ஏறத்தாழக் கால் பங்கு உழைப்பு மிச்சம். வீடு திரும்பியதும் நன்னீரால் வண்டியைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் இடாவிட்டால், உப்பு ஒரே வாரத்தில் தன் வேலையைக் காட்டிவிடும்.

இந்தச் சாலையின் அழகை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். பாலுகண்ட் – கோனார்க் சரணாலயத்தின் ஊடே செல்கையில் அதிகாலையில் புள்ளிமான்கள் சாலையைக் கடக்கும். ராமசண்டி கோயிலருகே குசபத்ரா ஆறு கடலில் கலக்கிறது. 2019 மே 3 அன்று புரிக்கு அருகே கரை கடந்த ஃபானிப் புயல் இக்காட்டின் சவுக்கு மரங்களை ஏராளமாக வீழ்த்திவிட்டது. மரச்செறிவு முடியும் இடத்தில் பக்கக்காற்று சட்டென்று வந்து மோதும். கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்திருப்பவர் சாலையின் நடுவே தள்ளப்படுவார்.

எனினும் நாங்கள் எழுத வந்தது காற்றைப் பற்றியன்று. சாலையின் விளிம்பைப் பற்றி.

புரிக்குத் தென்மேற்கே, பிரம்மகிரி வழியாகச் சாதபடா வரையில் சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் சிலிகா ஏரி. கோடையில் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டரும், மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேலும் விரியும் உவர்நீர்ப் பரப்பு அது. 1981இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஏரியின் வடகரையிலுள்ள மங்களஜோடி, ஒருகாலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்பெற்ற ஊர். வேட்டையாடியவர்களே இன்று பறவைகளின் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே கருவால் மூக்கன்களும் நீலத் தாழைக்கோழிகளும் சாலைக்குக் கல்லெறி தூரத்தில் மேய்வதைக் காணலாம். மிதிவண்டி ஓசையின்றிச் செல்வதால் அவை பறந்து ஓடுவதில்லை. மோட்டார் வாகனத்தில் வருபவருக்குக் கிட்டாத பேறு இது.

இத்தகைய சதுப்பு நிலங்களில் சாலை பெரும்பாலும் கரையின்மீது செல்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சி, புதுப்பிக்கும்போதெல்லாம் ஓர் அடுக்கு தார் ஏற்றுகிறார்கள். ஓரத்து மண்ணையோ மழை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டு போகிறது. தார் உயர, மண் தாழ, இரண்டுக்கும் இடையே ஒரு படி உருவாகிவிடுகிறது. சில இடங்களில் அது ஒரு சாண் உயரம். காரில் செல்பவரின் கண்ணுக்கு அந்தப் படி தென்படுவதே இல்லை.

சென்ற ஆண்டு ஏரியோரக் கரைச்சாலை ஒன்றில் எங்களுள் ஒருவர் அந்தப் படியில்தான் விழுந்தார். பின்னால் வந்த சுற்றுலாப் பேருந்து, வேகத்தைக் குறைக்காமல் ஒலிப்பானை மட்டும் அழுத்தியது. அவர் ஒதுங்கினார், ஒதுங்க இடம் இல்லை. மணிக்கட்டு முறிந்தது. எதிரே வந்த மீன் வியாபாரி ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டால் கையைக் கட்டிவிட்டார். பிறகு எங்கள் வண்டிகளின் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்து, “இவ்வளவு மெல்லிய டயர் மணலில் கத்தி மாதிரி இறங்குமே, பாபு” என்றார். அவருடைய வண்டி பழைய கறுப்புச் சைக்கிள். பின்னிருக்கையில் பனிக்கட்டியும் மீனும் நிறைந்த பெட்டி; ஐம்பது கிலோவாவது இருக்கும்.

ஏரியோரக் கிளையில் பணிபுரியும் எங்கள் நண்பருக்கு அவர் ஏற்கெனவே அறிமுகமானவர். மொபெட் வாங்கக் கடன் கேட்டு வந்தவராம். வயதாகிவிட்டதா என்று நண்பர் விசாரித்ததற்கு, “காற்று காலையில் கடன் கொடுக்கிறது, மாலையில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது” என்று சொல்லியிருக்கிறார். ஏரிக்கரையிலிருந்து பிரம்மகிரிப் பக்கம் அவர் மீனுடன் போவதும் வெறும் பெட்டியுடன் திரும்புவதும், எங்கள் கோனார்க் பயணத்தின் அதே காற்றுக் கணக்குத்தான். எங்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை; அவருக்கு அன்றாடம். அந்தப் படியும் அப்படியே.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் மிதிவண்டி உள்ளது. ஒடிசாவில் பத்துக்கு ஏழு குடும்பங்களிடம் உள்ளது. ஆயினும் மிதிவண்டிக்குப் பாதை வேண்டும் என்று நகரங்களில் குரல் எழும்போது, தலைக்கவசமும் வண்ணச் சட்டையும் அணிந்த எங்களைப் போன்றோரின் முகமே எல்லார் மனத்திலும் தோன்றுகிறது. விளைவும் அதற்கேற்பவே அமைகிறது. பூங்காவைச் சுற்றி நீல வண்ணம் பூசிய இரண்டு கிலோமீட்டர்ப் பாதை, அதன் தொடக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை. மீன்பெட்டியோடு செல்பவருக்கும், பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கும் அதனால் என்ன பயன்? அவர்கள் செல்லும் சாலை வேறு.

அப்படியானால் கரைச்சாலைகளை அகலப்படுத்தலாமே என்பார்கள். நாங்கள் அதற்கு உடன்படவில்லை. சதுப்பில் சாலையை அகலமாக்குவதென்றால் சதுப்பைத் தூர்ப்பது என்றே பொருள். நீர் இப்புறமிருந்து அப்புறம் போகும் வழி அடைபட்டால் மீனும் குறையும், பறவையும் குறையும். சிலிகாவின் வரலாறே இதற்குச் சான்று. வண்டல் சேர்ந்து கடலுடனான தொடர்பு நலிந்ததால் ஏரி சீர்கெட்டது. 2000ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டிய பிறகே உப்புநீரும் மீன்வளமும் மீண்டன. போதாததற்கு, அகலமான சாலையில் பேருந்துகள் இன்னும் விரைந்து ஓடும்.

நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது. தார் போடும் ஒவ்வொரு முறையும், அதே ஒப்பந்தத்தில், அதே மாதத்தில், இருபுறமும் ஓரத்தைக் கிராவல் இட்டுத் தாரின் மட்டத்துக்கு உயர்த்தி இறுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அரிப்பை ஒருமுறை பார்வையிட்டுச் சரிசெய்ய வேண்டும். ஏரியோரமும் சரணாலயத்தின் ஊடேயும் வேகக் கட்டுப்பாட்டை அறிவித்தால் மட்டும் போதாது, நடைமுறைப்படுத்தவும் வேண்டும்; மான்களுக்கும் அது நல்லது. ஓரத்தில் நிறுத்திவைக்கும் சுற்றுலா வண்டிகளுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் ஒரு பிடி சதுப்பு நிலம்கூடத் தேவையில்லை.

வார இறுதியில் மிதிவண்டி ஓட்டும் வாசகர்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பழுதான விளிம்பைக் கண்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு, படமெடுத்து, அச்சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மணிக்கட்டு முறிந்த எங்கள் நண்பர் இடக்கையால் மூன்று கடிதங்கள் எழுதினார். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்குப் பிறகு, அந்த வளைவில் மட்டும் நாற்பது அடி நீளத்துக்கு மண் கொட்டப்பட்டது. அது இறுக்கப்படாத மண். முதல் மழையில் பாதி போய்விட்டது. நான்காவது கடிதத்தை இந்த வாரம் அனுப்புகிறோம். அதில் மீன் வியாபாரியின் கையொப்பமும் இருக்கும்.