பழைய கிட்டாரா, புதிய கிட்டாரா?



நம் பங்குகளின் பாடகற்குழுக்களில் ஒரு காலத்தில் ஆர்மோனியமும் தபேலாவுமே ஒலித்தன. இன்று கீபோர்டும் கிட்டாரும் வந்துவிட்டன. அவற்றுக்கு அடித்தளமாய் நின்று ஒலிக்கும் பேஸ் கிட்டாரும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்ததோடு, வழிபாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் இடமளித்தது. ஆதலின் பேஸ் கிட்டார் கோவிலுக்குள் வரலாமா என்பது இன்று நம்முன் நிற்கும் வினா அன்று. எத்தகைய கருவி, எந்த விலையில் என்பதே வினா.

தருமபுரி மாவட்டத்து இளைஞர் பலர் பிழைப்பை நாடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். இசையில் நாட்டமுள்ளோர் அங்கே 'விண்டேஜ்' என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்புகின்றனர். பல்லாண்டுகட்கு முன் செய்யப்பட்ட கருவியிலேதான் உண்மையான நாதம் உண்டு, புதியன யாவும் வெறும் மரக்கட்டை என்பது அவர்தம் வாதம். அண்மையில் ஒரு தந்தை நம்மை நாடி வந்தார். "சாமி, பையன் பெங்களூருல பழைய கிட்டார் ஒண்ணு பார்த்து வச்சிருக்கான். அவனோட ஆறு மாசச் சம்பளம் ஆகுமாம். வட்டிக்கு வாங்கிக் குடுங்கன்னு நிக்கிறான். பழசுக்கு ஏன் சாமி இத்தனை விலை?" என்றார். நியாயமான கேள்வி. குடும்பத்தின் கடனோடு தொடர்புள்ள கேள்வியாதலால், விரிவாகவே விடை கூற விழைகிறோம்.

முதற்கண், இக்கருவி பிறந்த கதையை நோக்குவோம். அமெரிக்காவில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1951ஆம் ஆண்டில் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். இவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் என்பது வியப்புக்குரியது. அதற்கு முன்னர் ஆளுயரப் பெரிய வயலினையே தாழ்ந்த சுருதிக்குப் பயன்படுத்தினர். அதைச் சுமப்பது கடினம். அதன் ஒலியும் கூட்டத்தில் அமுங்கிவிடும். ஃபெண்டரோ, கழுத்தைத் தனியே செய்து திருகாணியால் உடலோடு பொருத்தி, தொழிற்சாலையில் எளிதாகவும் விரைவாகவும் செய்யத்தக்க கருவியை அமைத்தார். இன்று செல்வர் போட்டியிட்டு வாங்கும் அப்பழங்கருவி, பிறந்தபோது ஆலையில் பெருவாரியாகச் செய்த சரக்கே என்பதை மறக்கலாகாது.

இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. பீட்டில்ஸ் குழுவினரான பால் மெக்கார்ட்னி, 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'ஹாஃப்னர்' நிறுவனத்தின் வயலின் வடிவப் பேஸ் கிட்டாரை ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கினார். ஏன் அதை வாங்கினார்? ஃபெண்டர் வாங்கக் கையில் பணம் இல்லை என்று அவரே கூறியுள்ளார். 1972இல் லண்டனில் களவுபோன அக்கருவி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து, மீண்டும் அவரிடம் சேர்ந்த செய்தியை 2024 பெப்ருவரியில் உலகமே கொண்டாடியது. உலகப் புகழ்பெற்ற அந்தப் பேஸ் கிட்டார், ஏழை இளைஞன் ஒருவன் தன் சக்திக்கேற்பத் தேர்ந்த மலிவான கருவியே அன்றோ!

1982இல் ஃபெண்டர் நிறுவனம் 'ஸ்குவையர்' என்னும் பெயரில் குறைந்த விலைக் கருவிகளை ஜப்பானில் செய்விக்கத் தொடங்கியது. அந்த முதற்சில ஆண்டுகளின் ஸ்குவையர்களையும் இன்று 'விண்டேஜ்' என்று தேடி வாங்குகின்றனர். நேற்றைய மலிவுச் சரக்கு இன்றைய அரும்பொருளாகிறது. காலம் செய்யும் விந்தை இது.

நிற்க. பழங்கருவிக்குத் தனிச்சிறப்பே இல்லையோ என வினவலாம். உண்டு. பல்லாண்டு கைபட்டுத் தேய்ந்த கழுத்து, பிடிப்பதற்கு இதமாயிருக்கும். அக்காலக் காந்தச் சுருள்களின் ஒலியில் ஒரு தனிச்சுவையைத் தேர்ந்த செவியினர் காண்பர். மட்டமாய்ச் செய்யப்பட்டவை பலவும் உடைந்தும் எறியப்பட்டும் ஒழிந்துபோக, நல்லனவே பெரும்பாலும் காப்பாற்றப்பட்டு எஞ்சின என்பதும் உண்மை. ஆயினும் விலையை ஏற்றுவது ஒலி மட்டுமன்று, அருமையும் ஆகும். ஃபெண்டர் நிறுவனம் 1965இல் வேறொரு பெருநிறுவனத்துக்குக் கைமாறியது. அதற்கு முன் செய்யப்பட்டவை இனிப் பிறக்கப் போவதில்லை. ஆகவேதான் அவற்றுக்கு இன்று பத்தாயிரம் டாலருக்கும் மேற்பட்ட விலை. இது தபால்தலை சேர்ப்போரின் கணக்கு, பாடகற்குழுவின் கணக்கன்று.

உண்மையில் பேஸ் கிட்டாரின் ஒலி எங்கிருந்து வருகிறது? காந்தத்தின்மீது செம்புக் கம்பி சுற்றிய சுருளுக்கு மேலே உலோகத் தந்தி அதிர்கிறது. அவ்வதிர்வு மின்னோட்டமாகி ஒலிபெருக்கியை அடைகிறது. தந்தியும், சுருளும், ஒலிபெருக்கியும், எல்லாவற்றிற்கும் மேலாக மீட்டும் விரலுமே ஒலியைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஒரே விரலால் மீட்டியவர். தந்திகளை மாற்றுவதையே விரும்பாதவர். அவர் கையிலிருந்தது 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ். அதைப் புதிதாய் வாங்கத்தக்க காலத்தில்தான் அவர் அரிய இசையைப் படைத்தார். 1983இல் அவர் மறைவதற்குச் சற்று முன் அக்கருவி களவுபோயிற்று. எடுத்துச் சென்றவனுக்குக் கிட்டார் கிட்டியிருக்கலாம். அந்த விரல் கிட்டவில்லை. நம் நாட்டிலும், 1976இல் 'அன்னக்கிளி' வழியே திரையிசைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாரின் நடையைக் கேட்டு மகிழ்வோர், அதன் மரத்துக்கு எத்தனை வயது என்று கேட்பதில்லை.

நம் கோவில்களின் நிலையையும் எண்ணுவோம். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. சுவரில் தொங்கும் கூம்பு ஒலிபெருக்கி பேச்சொலிக்கென அமைந்தது. இத்துணைத் தாழ்ந்த ஒலியை அது எழுப்பாது. இலட்சம் கொடுத்து வாங்கிய கருவியும் அதன் வழியே வெறும் தட்டொலியாகவே கேட்கும். ஆதலின் கருவியில் மிச்சம்பிடித்து, பேஸ் கிட்டாருக்கென்றே அமைந்த ஒலிபெருக்கி ஒன்றை வாங்குவதே அறிவுடைமை.

இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படும் இக்காலக் கருவிகள், கணினியால் இயங்கும் பொறிகளால் மரத்தை நுட்பமாய் அறுத்துச் செய்யப்படுவன. பழகுவோர்க்கும் பாடகற்குழுவுக்கும் ஏற்றவை 15,000 ரூபாய் முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கழுத்தை ஒரு முனையிலிருந்து கண்ணால் நோக்கி, அது முறுக்கிக்கொள்ளவில்லை என உறுதி செய்க. வீணையின் மெட்டுகளை ஒத்த உலோகப் பட்டிகள் ஒவ்வொன்றிலும் தந்தியை அழுத்தி, அதிர்வு இரைகிறதா எனக் கேட்க. பன்னிரண்டாம் பட்டியில் அழுத்திய ஒலி, வெறுந்தந்தியின் ஒலிக்குச் சரியாக மேல்ஸ்தாயியில் சேர வேண்டும். சேராவிடில் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். அதற்கு ஆகும் கூலி சிறிதே. பழையது என்று விற்கப்படுவதிலோ, கழுத்து ஓர் ஆண்டினது, சுருள் வேறோர் ஆண்டினது, வண்ணம் நேற்றையது என்றிருக்கக் கூடும். அதைக் கண்டறியும் தேர்ச்சி நம் இளைஞர்க்கு இன்னும் இல்லை.

ஆகவே அத்தந்தையாருக்கும், அவரையொத்த பெற்றோருக்கும் நாம் கூறுவது இது: மகனின் ஆசையைப் பழிக்க வேண்டா, வட்டிக்குப் பணமும் வாங்க வேண்டா. அவன் சம்பளத்தில் சேமித்து வாங்கத்தக்க புதிய கருவியை அவனே வாங்கட்டும். வாரந்தோறும் பாடகற்குழுவில் தவறாது வாசிக்கட்டும். இளைஞர்களே, உங்கள் கிட்டார் உங்கள் கையிலேயே பழையதாகட்டும். முப்பது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகள் அதை எடுத்து மீட்டும்போது, வீட்டில் எவரும் அதற்காகக் கடன்பட்டதில்லை என்று சொல்லும்படி இருக்கட்டும்.