கடையேடும் ஊரேடும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் கோயிலையும், அடுத்துப் பள்ளிக்கூடத்தையும், அதன்பின் ஊர்ப் பெரியாரையும் நாடுவது வழக்கம். பாண்டிருப்பைப் பற்றி எழுதுவோரும் திரௌபதை அம்மன் கோயிலையும் அங்கு நிகழும் தீமிதிப்பையும் விரித்துரைப்பர். அது தக்கதே. ஆயினும், தந்தைக்குப்பின் மைந்தனும் மைந்தனுக்குப்பின் பேரனுமாக நடத்திவந்த சிறு கடைகளின் வரலாற்றை எழுதுவோர் மிக அரியர். அக்குறையை நம் பழைய மாணவரே தீர்த்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

குடும்பக்கடை வெறும் விற்பனைக்களம் அன்று. நமதூருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கே மருதமுனையின் நெசவுத் தறிகள், தெற்கே கல்முனைச் சந்தை. இவற்றின் நடுவே இருந்த கடைக்காரர், கரைவலையில் மீன் படாத நாளிலும், வெள்ளாமை வீடுவந்து சேராத மாதத்திலும், அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் கடனாகக் கொடுத்தார். கடன்கொப்பியிலே பெயரும் தொகையும் ஏறின. அக்கொப்பியை முறையாகப் படிப்போமாயின், மழை பொய்த்த ஆண்டும் கடல் வழங்கிய ஆண்டும் அதனுள்ளே தெரியும். 1953இல் பங்கீட்டரிசி கொத்து ஒன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடெங்கும் ஹர்த்தால் மூண்டதை நூல்கள் கூறும். ஓர் ஏழைவீட்டின் அடுப்பு அப்போது எவ்வாறு எரிந்தது என்பதைக் கடன்கொப்பியே கூறும். 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பின் கூரை இழந்தோர் எதை முதலில் வாங்கினர் என்பதையும் அதுவே அறியும்.

கடைக்காரரைப் புகழ்ந்து பாமாலை சூட்டுதல் நமது நோக்கமன்று. விளையுமுன்னரே நெல்லுக்குக் குறைந்த விலைபேசி, உழவனைக் கடனிலே ஆழ்த்திய வணிகரும் நம் நாட்டில் இருந்தனர். இத்தகைய கடன்சுமையைத் தணிக்கவே 1911இல் ஐக்கிய நாணய சங்கங்களுக்கான சட்டம் இலங்கையிற் பிறந்தது. நன்றும் தீதும் ஒருங்கே எழுதப்படினன்றி அது வரலாறு ஆகாது.

மற்றுமொன்று கூறுவோம். தமிழர் கடையின் கொப்பியில் முஸ்லிம்களின் பெயர்களும், காக்காமார் கடையின் கொப்பியில் தமிழரின் பெயர்களும் அடுத்தடுத்து நின்ற காலம் உண்டு. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியதாலன்றோ கடன் நடந்தது? 1980களிலும் 1990களிலும் மூண்ட பகைமைகளை மட்டுமே கேட்டு வளர்ந்த இளைஞருக்கு, அப்பெயர் வரிசைகளைக் காட்டிலும் சிறந்த சான்று வேறு யாது?

சான்றுகள் நெடுநாள் நம்மைக் காத்திருப்பதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த நாட்களிலேயே, அந்நகரின் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையாயிற்று. அதுவும் ஒரு குடும்பத்தின் கடையே. அது மீண்டும் எழுந்து, கொழும்பு செட்டியார் தெருவிலும் கிளைவிட்டது. நூலகத்தின் அழிவைப் பேசும்போதெல்லாம் அதன் பெயரும் நினைவுகூரப்படுகின்றது. எழுதிவைத்தோர் இருந்ததனால் அஃது இயன்றது. நமது கரையிலோ, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்தபோது, வீடும் உயிரும் போலவே கடையும் கொப்பியும் கடலோடு போயின. இந்நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோரை எண்ணி அழுத நமக்குக் கொப்பியை எண்ண அப்போது நேரமில்லை. அதிலே தவறில்லை, ஆனால் எஞ்சியதையும் இழத்தல் தவறாகும்.

ஆதலின், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளாகிய பழைய மாணவர் பெட்டியைத் திறந்து பழைய கொப்பிகளைத் தேடுக. கடனாளிகளின் மானம் கெடாதவாறு பெயர்களை மறைத்து, எஞ்சியவற்றைப் படியெடுத்துக் கல்லூரி நூலகத்திற்கு அளித்திடுக. மாணவர், கடைவாயிலில் அமர்ந்திருக்கும் முதியோரை அணுகி அவர்தம் வாய்மொழியைக் குறித்துக்கொள்க. நாம் பயின்ற கல்லூரிக்கு விழாவெடுத்து மலர் வெளியிடுகின்றோம். நாம் பயின்ற நாளிலே, நமது கொப்பிக்கும் பென்சிலுக்கும் காசு பின்னர் தரலாமென்று கூறி அனுப்பிய கடைகளுக்கு ஒரு பக்கமேனும் எழுதுதல் நமது கடன். அக்கடன் இன்னும் தீரவில்லை.