மெட்ரோ பரந்தூர் வரை வருமாம், பேருந்து காலனி வரை வருமா?

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் சுரங்கமும் மேம்பாலமுமாக 118.9 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த வேலையே முடியாத நிலையில் அடுத்த நீட்டிப்புகள் வரிசையில் நிற்கின்றன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஒன்று. பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை இன்னொன்று. பரந்தூரில் இன்னும் விமான நிலையம் கிடையாது. நிலத்தைத் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். விமானம் இறங்குமா என்றே தெரியாத ஊருக்கு ரயில் பாதை வரைபடம் போட்டாயிற்று.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. ரயில் நிலையம் இல்லாத வட்டத் தலைநகரம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குக் காஞ்சிபுரம் போக வேண்டும், ரயில் பிடிக்கச் செங்கல்பட்டோ மதுராந்தகமோ போக வேண்டும். எல்லாம் பேருந்துதான். பிரதான சாலைகளில் பேருந்து ஓடத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. சிக்கல் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் தொடங்குகிறது.

எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பேருந்து எங்கே திரும்புகிறது? ஊர்த் தெருவில், கோயில் பக்கத்தில், பால் சொசைட்டி வாசலில். இரவு ஹால்ட் பஸ் எங்கே நிற்கிறது? அங்கேயேதான். காலனி அங்கிருந்து ஒரு கிலோமீட்டரோ ஒன்றரையோ தள்ளி, ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கும். அதற்கும் அப்பால், செங்கல் சூளைக்கோ கல்குவாரிக்கோ பக்கத்தில் இருளர் குடியிருப்பு. ஊரைத் தாண்டிப் பேருந்து போகாது. கேட்டால் ரோடு சரியில்லை என்பார்கள், வண்டி திருப்ப இடமில்லை என்பார்கள், கலெக்‌ஷன் வராது என்பார்கள். மூன்றுமே உண்மையாகக்கூட இருக்கலாம். காலனிக்கு மட்டும் ரோடு ஏன் சரியில்லை, வண்டி திருப்பும் இடம் ஏன் ஊருக்குள் மட்டும் கிடைத்தது என்று கேட்டால்தான் சாதி வெளியே வரும்.

பேருந்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நம் வரலாற்றையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் தனியார் பேருந்துகள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றாமல் போயின. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ.சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் வண்டிகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. உத்திரமேரூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்தச் செங்கல்பட்டு. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவரைப் பேருந்தை மறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சாதி. எஃப்.ஐ.ஆர். போடலாம், போராடலாம். ஆனால் எக்செல் தாளில் உட்கார்ந்திருக்கும் சாதி மீது எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது?

மெட்ரோவுக்கான விரிவான திட்ட அறிக்கை எதை வைத்து எழுதப்படுகிறது? இந்தப் பாதையில் இப்போது எத்தனை பேர் போகிறார்கள், பத்து இருபது ஆண்டுகளில் எத்தனை பேர் போவார்கள் என்ற கணக்கை வைத்து. கிராமப் பேருந்தின் தலைவிதி ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்ற கணக்கில் இருக்கிறது. இரண்டுமே ஏற்கெனவே பயணம் செய்கிறவரைத்தான் எண்ணும். பேருந்தே போகாத குடியிருப்பில் பேருந்துப் பயணி பூஜ்யம்தான் வருவார். அந்தப் பூஜ்யத்தைக் காட்டியே அங்கே பேருந்து தேவையில்லை என்று எழுதிவிடலாம். ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் ‘ட்ரிப் கட்’ ஆவதும் இந்தக் கடைக்கோடி சிங்கிள்தான்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை ஞாபகம் வரும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊர்க் கல்வெட்டைப் புகழ்ந்தார். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் படித்தும் பார்க்கலாம். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிறகுதான் பெயர் குடத்துக்குள் போகும். அது பிராமணர்களின் சபை. குலுக்கியது நியாயமாகவே நடந்திருக்கலாம். யார் பெயரை ஓலையில் எழுதவே மாட்டார்கள் என்பது குலுக்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. நம் போக்குவரத்துக் கணக்கெடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் இந்த மாநிலம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. அதைக் கேலி பேசுகிறவர்களோடு சண்டை போடத் தயார். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. ஆனால் சாதாரணக் கட்டணப் பேருந்து வந்து நிற்கும் ஊரில்தான் இந்தப் பணம் மிச்சமாகும். வண்டியே வராத காலனிப் பெண் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் இலவசப் பேருந்தைப் பிடிக்கப் போகிறார்.

இதில் ஒரு வேடிக்கை. அரசுப் பேருந்துக்குத் தெரியாத வழி கம்பெனி பஸ்ஸுக்குத் தெரிகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் ஒப்பந்த வண்டிகள் விடியற்காலை இருட்டில் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ஷிஃப்ட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் வண்டி வருகிறது. அதே பிள்ளையின் தங்கை பள்ளிக்கூடம் போகவோ, பாட்டி சர்க்கரை மாத்திரை வாங்கப் போகவோ வண்டி இல்லை.

மெட்ரோவா பேருந்தா என்பதைச் சமூக நீதிக் கேள்வியாக நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் பேருந்துப் பயணிகளில் பெரும்பான்மையினர் கறுப்பின, லத்தீன், ஆசிய ஏழைகள். நகரப் போக்குவரத்து ஆணையமோ புறநகரின் வசதியானவர்களுக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டே பேருந்துக் கட்டணத்தை உயர்த்தப் பார்த்தது. 1994இல் பேருந்துப் பயணிகள் சங்கமும் தோழமை அமைப்புகளும் வழக்குப் போட்டன. பொதுப் பணத்தை இப்படிப் பிரிப்பது 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிரான இனப் பாகுபாடு என்பது அவர்கள் வாதம். 1996இல் ஆணையம் உடன்பாட்டுக்கு வந்தது. நெரிசலைக் குறைக்கிறோம், புதுப் பேருந்துகள் வாங்குகிறோம் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. ‘ரயில் வேண்டாம்’ என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் பேருந்தின் வயிற்றில் அடித்து அதைப் போடாதே என்றார்கள்.

பேருந்துக்குத் தனித்தடம் என்பதும் இதே அரசியல்தான். உத்திரமேரூர்ப் பக்கத்து ஆள் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு வந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் மாட்டிக்கொள்கிறார். ஐம்பது அறுபது பேர் இருக்கும் பேருந்தும் ஒரே ஆள் ஓட்டும் காரும் அதே வரிசையில் நிற்கின்றன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு, அங்கே இறங்கி இன்னொரு வண்டி மாற வேண்டும். சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்க மெட்ரோவுக்கு ஆகும் பணத்தில் சிறு துளி போதும். தேவைப்படுவது காரில் போகிறவரைக் கொஞ்சம் காக்க வைக்கும் துணிச்சல். தில்லியில் 2008இல் அப்படி ஒரு தடம் வந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள், உயர் நீதிமன்றம் போனார்கள், 2012இல் தோற்றார்கள். ஆனாலும் 2016இல் அரசே அதை இடித்துப் போட்டது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சாலையில் ஜெயித்தார்கள்.

மெட்ரோவுக்கு நான் எதிரியல்ல. தீண்டாமை பார்க்காத இருக்கை எங்கே கிடைத்தாலும் நல்லதே. கிளாம்பாக்கம் நீட்டிப்பு ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு 9,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 600 கோடி. ஒரு பேருந்து அரைக் கோடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு கிலோமீட்டர் காசில் ஆயிரம் பேருந்துக்கு மேல் வாங்கலாம். ஓட்டுநர், நடத்துநர் சம்பளம், டீசல் என்று ஆண்டுதோறும் செலவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மெட்ரோவுக்குக் கடன் வாங்கி வட்டி கட்டும்போது கேட்காத கேள்வியைக் காலனிப் பேருந்தின் டீசலுக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? மினிபஸ் வருமே என்றும் சொல்வார்கள். 1997இலும் வந்தது, 2025இல் புதுத் திட்டமாகவும் வந்திருக்கிறது. அது தனியாருக்குக் கொடுக்கும் உரிமம். லாபம் இல்லாத நாளில் அவர் வண்டியை நிறுத்திவிட்டால் யாரைக் கேட்பது?

2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. நம் மக்கள் தொகைக்கேற்ற நிதியை ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அந்த நிதியில் காலனிச் சாலையையும் பேருந்து திரும்பும் இடத்தையும் கேட்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்ததற்குப் போகும்போது ஒரு தாளில் மூன்று விவரம் எழுதிக்கொண்டு போங்கள்: காலனியின் கடைசி வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் எத்தனை மீட்டர், முதல் வண்டியும் கடைசி வண்டியும் எத்தனை மணிக்கு, போன மாதம் எத்தனை நாள் ட்ரிப் கட். அளந்து எழுதியதைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நகலைப் பணிமனைக் கிளை மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ஊராட்சித் தலைவர் “இதெல்லாம் தீர்மானத்தில் வராதுப்பா” என்று சொன்னால், வராது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.