முழங்காலும் காத்திருப்போர் வரிசையும்

எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும். எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தெரியாது. மூட்டின் இடைவெளி குறுகியிருப்பதைக் கண்டே தேய்மானத்தை மருத்துவர் ஊகிக்கிறார். அதற்குள் நோய் முற்றிவிடுவதுண்டு. குருத்தெலும்பையே நேராகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. அதில் எக்ஸ்-கதிரும் இல்லை. ஆனால் நேரம் பிடிக்கும்.

உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞைகளை இயந்திரம் வரிவரியாகத் திரட்டியே படமாக்குகிறது. அதுவரை நோயாளி அசையாது கிடக்க வேண்டும். வரிகளைக் குறைத்தால் நேரம் குறையும். 2018இல் நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியும் பேஸ்புக்கும் இணைந்து தொடங்கிய திட்டம், ஏறத்தாழ நான்கிலொரு பங்கு தரவைக் கொண்டே செயற்கை நுண்ணறிவால் முழுப் படத்தையும் அமைத்துக் காட்டியது. 108 பேரின் முழங்கால்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. அப்படங்கள் வழமையான படங்களுக்கு ஈடாகக் கொள்ளத்தக்கவை என்பது அதன் முடிவு.

இதில் வெள்ளாங்குளத்துக்கு என்ன பயன்? வயலில் குனிந்தும், கடலில் வலை இழுத்தும், 2008இல் போருக்கு அஞ்சி மூட்டை முடிச்சுகளுடன் நடந்தும் தேய்ந்த முழங்கால்கள் அப்பக்கத்தில் ஏராளம். ஏ-32 வீதியில் பூநகரி தாண்டி, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணப் பயணம் சுருங்கியது. வைத்தியசாலை வரிசையும் அவ்வாறே சுருங்க வேண்டாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படமெடுக்க 20 நிமிடம், நோயாளியைக் கிடத்தி எழுப்ப 10 நிமிடம் என்றால், எட்டு மணி நேரத்தில் 16 பேர். படமெடுப்பது 5 நிமிடமானால் 32 பேர். இயந்திரத்தின் வேகம் நான்கு மடங்கு; வரிசையின் வேகம் இரு மடங்கே. எஞ்சியதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள்: கதிர்ப்படவியலாளர், உதவியாளர், படத்தைப் படித்து அறிக்கை எழுதும் நிபுணர். அவர்களை நியமிக்காமல் மென்பொருளை மட்டும் வாங்கினால், படமெடுக்கும் அறையின் வரிசை அறிக்கை மேசைக்கு இடம்மாறும், அவ்வளவுதான்.

இன்னொன்று. இல்லாத வரிகளைக் கணினி அனுமானத்தால் நிரப்பும்போது, நூலிழை போன்ற வெடிப்பொன்று மழுங்கிப்போகவும் கூடும். ஆகவே நம் வைத்தியசாலைகளிலும், நம் நோயாளரைக் கொண்டும் அது சோதிக்கப்பட வேண்டும்.

வேகம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் மிச்சமான பதினைந்து நிமிடம் யாருடையது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அது விடிகாலை பஸ்ஸில் புறப்பட்டு வந்தவருக்கே உரியது.