பழஞ்சுவருக்கும் ஒரு கச்சை

நிலநடுக்கம் என்றதும், "பழைய வீடுகளை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுக" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். கட்டடக்கலை பயிலும் நண்பர்களே இவ்வாறு பேசுங்கால் எனக்கு வருத்தம் மிகுகிறது.

1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், விடியுமுன், மராட்டிய மாநிலத்து லாத்தூர் வட்டாரம் குலுங்கிற்று. கில்லாரி முதலிய ஊர்களில் உறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கல்வீடே எமன் என்று பிழைத்தவர்கள் அஞ்சினர். அஞ்சியது இயல்பே. ஆனால் பழி கல்லுக்கு உரியதன்று. அவ்வீட்டுச் சுவர்கள் பார்வைக்குக் கோட்டை போன்றவை. உண்மையில் ஒவ்வொன்றும் இரண்டு சுவர்! வெளிமுகத்தில் ஒரு கல்வரிசை, உள்முகத்தில் ஒரு கல்வரிசை, நடுவே சில்லுக்கல்லும் மண்ணும். இரண்டையும் பிணைக்கும் நீண்ட கல் ஒன்றுகூட இல்லாத சுவர்களே மிகுதி. நிலம் அசைந்ததும் அவை ஆளுக்கொரு பக்கமாகச் சரிந்தன. வெயிலுக்கு அஞ்சிக் கூரைமேல் கொட்டிய மண்ணின் பாரமோ தலைமேல் இறங்கிற்று.

இதற்கு மருந்து இடிப்பதுதானா? சுவரில் ஆங்காங்கே ஒரு கல்லை மெல்லப் பெயர்த்து, மறுமுகம்வரை துளைத்து, கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பினால் இரு முகங்களும் ஒன்றாகும். கதவு சன்னல்களுக்கு மேலே, வீட்டைச் சுற்றிலும் கம்பிவலை அறைந்து சிமெண்டுச் சாந்து பூசினால், நான்கு சுவர்களும் ஒரே கச்சைக்குள் நிற்கும். கூரை மண்ணையும் குறைத்தல் வேண்டும். ஊர்க் கொத்தனார் சில நாளில் பழகிக்கொள்ளும் வேலைதான்.

ஆயினும் லாத்தூரில் நடந்தது என்ன? வீட்டை வலுப்படுத்த உதவி பெற்றவர்களில் பலர், பழைய சுவரைத் தொடாமல் பக்கத்தில் புதிதாக ஓர் அறை எழுப்பிக்கொண்டனர். அவர்களைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. புதிய அறை ஊரார் கண்ணில் படும். சுவருக்குள் புதைந்த கம்பி யார் கண்ணில் படும்? ஆனால் அந்த ஓரறையில் எத்தனை பேர் படுக்க முடியும்? மற்றவர்கள் பழைய கூரையின்கீழ்த்தானே?

நாமும் அவர்களைப் போன்றவர்களே. நிலநடுக்கப் பொறியியலுக்கென 1960இலேயே தனிப் பள்ளி கண்ட ரூர்க்கியில் பயில்கிறோம். நாம் ஆசையோடு வரையும் படங்களோ இனிமேல் எழப்போகும் மாளிகைகள்! 1991இல் உத்தரகாசியும் 1999இல் சமோலியும் நடுங்கின. அம்மலைகள் நமக்குத் தொலைவல்ல. வரும் விடுமுறையில் மலையேறும் நண்பர்கள், வழியில் காணும் கற்சுவரின் இடிந்த ஓரத்தைச் சற்றே எட்டிப் பாருங்கள். ஊடே செல்லும் கல் இல்லையெனில், வீட்டுக்காரரையும் ஊர்க் கொத்தனாரையும் அழைத்து, நம் அரைகுறை இந்தியிலாவது விளக்கிவிட்டு வாருங்கள்.