சேவை என்று சொல்லி ஏய்க்காதே



எங்க அம்மா பால்வாடி ஆயா. காலையில் போய்க் கதவு திறந்து, கூட்டிப் பெருக்கி, வீடு வீடாய்ப் புள்ளைங்களைக் கூட்டியாந்து உலை வைக்கும். நான் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அங்கே ஆய்வுக்கு வந்தார்கள். எடைப் பதிவேட்டைப் பார்த்தார்கள், முட்டையை எண்ணினார்கள். கடைசியில் 'சுத்தம் போதாது' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

மையத்தில் தண்ணீர்க் குழாய் கிடையாது. குழாய் ஊர்த்தெருவில் இருந்தது. ஊர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் சேரிக்காரிக்கு முறை. அம்மா நாலு குடம் சுமந்து வந்து சேரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். இதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்குச் சோறு, சத்துமாவு, தடுப்பூசி, ஆரம்பப் பாடம் என்று குடும்பத்தின் அடித்தளத்தையே தாங்குகிற வேலை. அதைச் செய்பவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'கௌரவ ஊழியர்'. கொடுப்பது 'மதிப்பூதியம்'. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு உயர்த்திய பிறகும் டீச்சருக்கு மாதம் 4500 ரூபாய், ஆயாவுக்கு 2250 ரூபாய். இதற்கு மேல் மாநில அரசுகள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டில் 'சிறப்பு' காலமுறை ஊதியம் உண்டு. முழுக் காலமுறை ஊதியம் கொடு, அரசு ஊழியராக்கு என்பது இந்தப் பெண்களின் நெடுநாள் கோரிக்கை. பெண் செய்தால் சேவை, அதிலும் நம்ம பெண் செய்தால் கடமை என்று நினைக்கிற நாடு இது!

இப்போது தரத்தைக் கண்காணிக்கிறோம் என்கிறார்கள். 2021இல் போஷன் டிராக்கர் செயலி வந்தது. 2025இல் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் படம் பிடித்துப் பதியச் சொன்னார்கள். சிக்னல் கிடைக்காத தெருவில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் டீச்சர். அந்த நேரம் குழந்தைக்குப் போக வேண்டிய நேரம். குழந்தையின் எடையை அளக்கிறாயே, அவள் தலையில் ஏற்றிய சுமையை எப்போது அளக்கப்போகிறாய்?

2022 ஏப்ரல் 25இல் உச்ச நீதிமன்றம் குஜராத் ஊழியர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அங்கன்வாடி டீச்சரும் ஆயாவும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை பெற உரிமை உள்ளவர்கள் என்றது. மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது கூலிதான். சேவை என்ற முகமூடி நீதிமன்றத்திலேயே கிழிந்துவிட்டது.

சாதிக்கும் செயலியில் கட்டம் இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி வட்டத்தில் ஓர் அருந்ததியர் பெண் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகள் மாற்றியது அந்தப் பெண்ணை! போராட்டம் வெடித்த பிறகுதான் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அரிசியும் பருப்பும் தரமாகவே இருந்திருக்கலாம். கெட்டுப்போயிருந்தது ஊரின் புத்தி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போனால் பால்வாடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சேரிக் குழந்தை நடந்து போகிற தூரமா? தண்ணீர் உண்டா, கக்கூஸ் உண்டா? ஆயா எந்தச் சாதி, அவர் கையால் எல்லாக் குழந்தையும் சாப்பிடுகிறதா? சம்பளம் மாதாமாதம் வருகிறதா? மையம் அமைப்பதில் தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடு என்று 2006 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. நாற்பது குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத இடத்தில் மக்கள் கேட்டால் மூன்று மாதத்தில் திறக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. தலையை எண்ணுங்கள், மனு எழுதுங்கள். டீச்சரும் ஆயாவும் சாலையில் உட்காரும் நாளில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அம்மா ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, "சேவைச் செம்மல்" என்றார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்துவிட்டு அம்மா கேட்டது இதுதான்: "ஏன்டா, இத்தினி வருசம் நான் பாத்தது வேலை இல்லியா?"

வேலைதாம்மா. அதற்கான கூலியைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெய் பீம்!