காடும் தோப்பும்

தமிழில் காடு வேறு, தோப்பு வேறு. தானே முளைத்துத் தழைப்பது காடு. மனிதன் நட்டுப் பயன்கொள்வது தோப்பு. சிறுவரும் அறிந்த இவ்வேற்றுமை, நாட்டின் காட்டைக் கணக்கிடுங்கால் மறைந்துபோகின்றது. அதனையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை, 1987 முதல் ஏறத்தாழ ஈராண்டுக்கொருமுறை வனநிலை அறிக்கை வெளியிட்டு வருகின்றது. செயற்கைக் கோள் படத்தில், 1 எக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காட்டுக்குக் குறையாது மரக்கவிகை காணப்படின், நிலம் யாருடையதாயினும், மரம் எதுவாயினும், அது வனப்பரப்பு என்றே எண்ணப்படும். ஆகவே, போதிய பரப்புடையதாயின், இனயத்துத் தென்னந்தோப்பும், குலசேகரத்து ரப்பர்த் தோட்டமும், கோதையாற்று மலைக்காடும் அக்கணக்கில் ஓரினமே!

மிக அடர்ந்தது, நடுத்தரமானது, திறந்தது என அவ்வறிக்கை மூவகை வகுப்பது உண்மையே. ஆயினும் அவ்வகுப்பு கவிகையின் செறிவை உரைக்குமேயன்றி, மரத்தின் இனத்தை உரையாது.

இதனால் விளையும் தீங்கு யாது? மலையில் 100 எக்டேர் காடு அழிந்து, சமவெளியில் 100 எக்டேர் தோப்பு எழுந்தால், நிகரக் கணக்கில் இழப்பே இல்லை. வானமோ அவ்வாறு கணக்கிடுவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியாகும். 12 பங்கு கரி எரியின் 44 பங்கு கரியமிலவாயு எழும். நூற்றாண்டுகளாக மரத்திலும் மண்ணிலும் சேர்ந்த கரியை, சுமார் முப்பதாண்டில் வெட்டி மறுநடவு செய்யப்படும் ரப்பர் மரம் எங்ஙனம் ஈடுசெய்யும்?

தோப்பும் கரியைச் சேமிக்குமன்றோ எனச் சிலர் வினவலாம். சேமிக்கும், அதனையும் எண்ணுக. ஆனால் தனியே எண்ணுக. இயற்கைக் காட்டில் அழிந்தது இவ்வளவு, புதிதாய் நட்டது இவ்வளவு என இரு பத்திகளாக எழுதுக. வானிலிருந்து கண்டதை நிலத்தில் நடந்து சென்று சரிபார்க்க. இதுவே நம் வேண்டுகோள்.

மலைக்காடு கடற்கரையோர்க்கு என் செய்யும் எனல் வேண்டா. அம்மலைகளிற் பிறந்த தாமிரபரணியே இனயத்தை அடுத்த தேங்காய்ப்பட்டணத்திற் கடலொடு கலக்கின்றது. கரியமிலவாயு மிகமிகக் கடல் வெப்பமுறும். வெப்பமுற்ற கடலே புயலுக்கு வலியூட்டும். 2017-இல் ஒக்கிப் புயல் இக்கரையில் எத்தனை இல்லங்களை இருளாக்கிற்று என்பதை அறியாதார் யாருளர்? இழந்ததை இழப்பென்று எழுதாத நாடு, எஞ்சியதைக் காப்பது அரிது. கணக்கில் வாய்மை வேண்டும்; காவல் அதன் பின்னரே வரும்.